நுரைக்கணக்கு

ஹேர்னிங்கில் ஏற்றியது நாற்பது பீப்பாய்.
கொழும்பில் பதினேழு நாள் மறித்து வைத்தார்கள்.
போத்தலும் இல்லை, ரின்னும் இல்லை என்றால்
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
கடைசியில் ‘ஏனையவை’ என்று போட்டு
முத்திரை குத்தினார் ஒரு நல்ல மனுஷன்.

குளிர் லொறி வவுனியா தாண்டியதிலிருந்து
றெஜினோல்ட் தொலைபேசியில் பாகை சொன்னான்.
மூன்று.
மூன்றரை.
ஆனையிறவில வெயில் றோட்டில கிடந்து கொதிக்குது அண்ணை,
இப்ப நாலு.
சாவகச்சேரியில் ஒரு சாமத்திய வீட்டு ஊர்வலம் மறித்தது.
மேளம் வடிவாகக் கேட்டது எனக்கு.
பாகை மட்டும் கேட்கவில்லை.

கண்டி வீதி விடுதியில்
தர்மகுலசிங்கத்தார் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்தார்.
பார்க்க நல்லாத்தான் இருக்குது தம்பி,
ஆனா சனம் மூடி கழருற சத்தத்தைத்தான் நம்பும்.
திறந்து வந்தால் தண்ணி கலந்தது எண்டு சொல்லும்.
அவர் சொன்னதில் பிழை இல்லை.
சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த ஊர் இது.
முகர்ந்து பார்க்காமல் யார் வாயில் வைப்பது?

நான் விளங்கப்படுத்தினேன்:
வாயு அமுக்கம், குழாயின் நீளம்,
கிழமைக்கு ஒருக்கால் காரம் விட்டுக் கழுவுவது,
எண்ணெய்க் கை பட்ட குவளையில் நுரை சாகும் என்பது.
அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
கரண்ட் போனால்?

போனது.
முதல் வெள்ளிக்கிழமை, ஏழு பத்துக்கு.
ஜெனரேற்றரில் டீசல் இருந்தது, பற்றரி செத்திருந்தது.
நாற்பது நிமிஷம்.
வெளிச்சம் திரும்பியபோது
குழாயைத் திறந்தால் நுரை.
வாளி வைத்தால் வாளி நிறைய நுரை.
பதினொரு குவளை ஊற்றி
ஒரு குவளை பியர் கண்டோம்.
மதுவரிக்காரர் ஒருவர் மூலையில் றோல்ஸ் கடித்தபடி இருந்தார்.
ஐயா, இந்த நுரைக்கும் லீற்றர் கணக்கில்தானே வரி கட்டினேன் என்றேன்.
மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:
காற்றுக்கு நாங்கள் வரி அறவிடுறேல்லை,
நீர் அதைக் காற்றாக்கினது உம்மட பிரச்சினை.

அப்போதுதான் அல்போன்ஸ் எழும்பி வந்தார்.
நண்டு ஏற்றுமதி செய்கிறவர், பாசையூர்.
நுரைக் குவளையை வாங்கி
பிளாவில் கள்ளுக்கு ஊதுகிற மாதிரி
ஒரே ஊது.
நுரை பறந்து தர்மகுலசிங்கத்தாரின் சட்டைப்பையில் குந்தியது.
விடுதி முழுக்கச் சிரித்தது.
அடியில் மிஞ்சிக் கிடந்ததைக் குடித்து
நாக்கைச் சுழற்றி
கசக்குது, என்றார்.
கொஞ்சம் யோசித்து,
இன்னொண்டு ஊத்தும்.

பிறகு எல்லோரும் ஊதத் தொடங்கினார்கள்.
ஹேர்னிங்கில் இருந்து வந்த படத்தில்
நுரை இரண்டு விரல் நிற்கவேண்டும், மணம் அதில்தான் என்று இருந்தது.
இங்கே நிலமெல்லாம் மணம்.
கணக்குக் கொப்பியில் கசிவு, உடைவு என்பவற்றின் கீழே
புதிதாய் ஒரு தலைப்புப் போட்டேன்:
ஊதியது.

மூன்று மாதத்தில் வெறும் பீப்பாய்கள் திரும்பிப் போகவேண்டும்.
ஒவ்வொன்றுக்கும் வைப்புப்பணம் கட்டியிருக்கிறது,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் இலக்கம்.
லொறியில் அடுக்கும்போது றெஜினோல்ட் சொன்னான்:
இங்கயிருந்து அங்க போனவைக்கும்
இப்பிடி ஒரு காசு கட்டி அனுப்பியிருக்கலாம், என்ன அண்ணை.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை.
முப்பத்தொன்பது.
திரும்ப எண்ணினேன். முப்பத்தொன்பது.

நாற்பதாவது பாசையூர்க் கரையில் இருந்தது.
தலையை வெட்டி, அடியில் மூன்று கல் வைத்து
நண்டு அவித்துக்கொண்டிருந்தார்கள்.
ஹேர்னிங் என்ற எழுத்தின் மேல் கரி ஏறியிருந்தது.
நல்ல உருக்கு, என்றார் அல்போன்ஸ். கோவிக்காதையும்,
ரெண்டு நண்டு கொண்டு போம்.

டென்மார்க்குக்கு எழுதினேன்: ஒன்று இங்கே தங்கிவிட்டது.
அங்கே கணக்குப் பார்க்கிற பிள்ளை, நிரோஜினி,
பிறந்ததே அங்கேதான்,
ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டிப் பதில் போட்டாள்:
விளங்குது அண்ணா.
அதுக்கு நானூறு குறோன் கழிக்கிறன்.
அடுத்த முறை நாற்பதா, அறுபதா?